இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் படம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். நான் நலமாகத்தான் இருக்கிறேன்.

இங்கே ஒரே கட்டிலில் நானும் கொத்தனார் அண்ணனும் மாறி மாறிப் படுக்கிறோம் என்று சொல்லியிருந்தேனே. எனக்கு இரவு வேலை, அவருக்குப் பகல். மாலையில் அவர் வருவதற்குள் படுத்தபடியே செல்போனில் ஒரு படம் பார்த்துவிடுவேன். உலகமே கொண்டாடுகிற படமானாலும் சரி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் தொடமாட்டேன். முடிவதற்குள் அவர் வந்துவிட்டால், "எந்திரிடா, இடுப்பு ஒடியுது. கிளைமாக்ஸ நாளைக்குப் பாத்துக்க" என்று போர்வையை உருவிவிடுவார்.

போன வாரம் சாரம் சரிந்து விழுந்ததில் அவர் இறந்துபோனார். பயப்படாதீர்கள், எனக்குத் தரையில்தான் வேலை.

கட்டிலுக்கு இன்னும் வேறு ஆள் போடவில்லை. நேற்று, ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டிருந்த மூன்று மணி நேரப் படத்தைப் போட்டேன். நல்ல படம்தான். அவர் வரும் நேரமானதும் நிறுத்திவிட்டு எழுந்து, அவருக்காகப் படுக்கையைத் தட்டிப்போட்டேன்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் ஒரு போர்வை கொடுத்தனுப்புங்கள். இது அண்ணனுடையது.

வேலைக்கு வண்டிக்காரன் வந்து ஹாரன் அடிக்கிறான், ஓடுகிறேன்.

உங்கள் மகன்