ஈரக் கரிசலில் நடந்தவர்கள்

எங்கள் வீட்டுக் கோபக்கார மதினிக்கு,

அண்ணன் இப்போதெல்லாம் கையைச் சுட்டுக்கொள்ளாமல் கஞ்சி வடிக்கிறார். உங்கள் மகள் கனி ஒன்பதாவது போகிறாள். உங்களைப் போலவே, பதில் வராமல் ஆளை விடமாட்டாள். அவள் கேட்ட ஒரு கேள்விக்காகத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் போன அன்று, தெருவே பெரியம்மா என்று கூப்பிடும் எதிர்வீட்டுக்காரர் சொன்னார்: "அவ மனச விட்டுட்டா. இல்லேன்னா இந்த வயசுல சீக்கு கொண்டுபோயிருமா?" இருந்தவர்கள் தலையாட்டினார்கள். மார்பில் கட்டி என்று போன உங்களுக்கு வலி மாத்திரை கொடுத்து அனுப்பிய டாக்டரை யாரும் கேட்கவில்லை. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போக லீவு தராமல் இழுத்தடித்த, நீங்கள் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸ் கணக்கப்பிள்ளையையும் கேட்கவில்லை. செத்தவள் எழுந்து வந்து பதில் சொல்லமாட்டாள் அல்லவா?

அந்த வார்த்தையைக் கனி உள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். போன மாதம் நான் ஊருக்கு வந்தபோது கேட்டாள்: "சித்தப்பா, அம்மா எங்கள வேண்டாம்னு நெனச்சுட்டாவளா?"

சென்னையில் நான் பார்க்கிற வேலையை உங்களுக்கு ஒழுங்காகச் சொன்னதேயில்லை. "எலிக்கு வைத்தியம் பாக்குத கொழுந்தனாரே" என்று கேலி செய்வீர்கள். நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் உடம்புக்குள் எப்படி நடக்கின்றன என்று படம்பிடிக்கிறோம் மதினி. ரத்தக்குழாயில் வந்து, வேண்டிய இடத்தில் இறங்கி, சதைக்குள் ஊர்ந்துபோய்ப் புற்றுச்செல்லைத் தொட வேண்டும். தொட்டால்தான் கொல்ல முடியும். புற்று அந்த வழியில்தான் கைவைக்கிறது. இறங்குவதற்கான பிடியைக் குழாய்ச் சுவரில் இல்லாமல் செய்கிறது. தன்னைச் சுற்றி நார்களை நெருக்கிப் பின்ன வைக்கிறது. வழிமாற்றி இழுக்கும் பொருள்களையும் கசியவிடுகிறது. வந்த அணுக்கள் ஓரத்திலேயே சிக்கி நிற்கும்.

அந்தப் படத்தைப் போனில் கனிக்குக் காட்டினேன்.

"அங்கனயே நிக்குதே. பயந்துட்டுதா?"

"இல்ல. உள்ள போகத்தான் பாக்குது. வழியில்ல."

"இது அம்மாவோடதா?"

ஆமாம் என்று சொல்லிவிட ஆசைதான். "எலியோடது தாயி," என்றேன். "அம்மா உடம்புக்குள்ள நடந்தத யாரும் படம்பிடிக்கல. ஆனா இதுவ மனசக் கேட்டுட்டு நடக்கிறதில்ல. அம்மா உன்ன வேண்டாம்னு நெனச்சு வந்த சாவு இல்ல இது."

படத்தை இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அப்போ வேன் வராத அன்னைக்கு மாதிரி."

வீட்டில் அவள் கேட்டு வளர்ந்த கதை அது. கழிப்பறை கேட்டு நீங்கள் எல்லாரும் ஆபீஸ் வாசலில் கூடுவதாக இருந்த நாள். ஊர் ஊராகப் பெண்களை ஏற்றிவரும் வேனை முதலாளி அனுப்பவில்லை. ரோட்டில் மறிக்க ஆள் நிறுத்தியிருந்தார். முந்தின நாள் மழை. மதியமாகியும் யாரும் வரவில்லை என்று, "பயந்துட்டாளுவ" எனக் கணக்கப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தபோது காட்டு வழியாக வந்தீர்கள். முழங்கால்வரை அப்பிய கரிசல், கையில் செருப்பு, இடுப்பில் கனி, பின்னால் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும். "பயமெல்லாம் இல்ல அண்ணாச்சி. நீங்க வண்டி அனுப்பல, அம்புட்டுதான்," என்றீர்கள். அந்தக் கழிப்பறை இன்றைக்கும் இருக்கிறது. அதைக் கட்டவைத்தவர் என் மதினி என்று ஆய்வுக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

அன்று வந்து சேர்ந்தீர்கள். உடம்புக்குள் அந்த அணுக்களால் வந்து சேர முடியாமல் போயிருந்தால், அதற்குப் பெயர் மனசு விட்டதா?

போன வாரம் உங்கள் வருசத் தெவசம். பெரியம்மா இலை முன்னால் உட்கார்ந்து பழைய பேச்சை மறுபடி எடுத்தார். பரிமாறிக்கொண்டிருந்த கனி வாளியைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மா மனச விடல. வழிய அடச்சுட்டுது. அடச்சத ஒண்ணும் சொல்லாம, நடந்து வந்தவியளப் போயி ஏசுதீங்க."

பெரியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏட்டி, ஆத்தா மாதிரியே பேசுதியே," என்று சொல்லி, ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்தார். மதினி, அதைவிடப் பெரிய பட்டம் அந்தப் பிள்ளைக்கு யார் கொடுப்பார்?

மருந்து கண்டுபிடித்துவிடுவேன் என்று பீற்றமாட்டேன். வழியை அடைப்பது எது என்று தேடுவதை நிறுத்தமாட்டேன், உடம்புக்குள்ளும் சரி, ஊருக்குள்ளும் சரி. எந்தச் சாவு வீட்டிலும் 'மனச விட்டுட்டா' என்ற அந்த வார்த்தை இனி பதிலில்லாமல் போகாது. நான் இல்லாத இடத்தில் கனி இருப்பாள்.

எலிக்கு வைத்தியம் பார்க்கும்
உங்கள் கொழுந்தன்