வியாழன் புதனானது

புதன், இரவு

இன்று மாலை நாலு மணிக்குத்தான் சாப்பிட்டேன். அப்படியும் பசி தெரியவில்லை.

குடிபோதை சிகிச்சை முடித்துப் போகிறவர்கள் மாதம் ஒரு வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் எங்கள் பிரிவுக்கு வந்து காட்ட வேண்டும். பாதிப் பேர் வருவதில்லை. பதிவேட்டில் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிவிடுவோம். ஆலோசகர் என்று எனக்குப் பெயர்; ஏன் வரவில்லை என்று ஒருவரையும் கேட்டதில்லை.

போன மாதம்தான் முதல்முறையாக, வராதவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். அய்யலூர் முருகேசன் சொன்னார்: "வியாழக்கெழம ஆட்டுச் சந்தை தாயி. யாவாரத்த விட்டுட்டு எப்படி வர? குடிய விட்டாலும் கஞ்சி குடிக்கணும்ல."

இன்னும் பலர் அதையேதான் சொன்னார்கள். பட்டியலை டாக்டரிடம் நீட்டினேன்.

"சந்தைக்காக ஓ.பி. நடக்குற நாள மாத்தவா?" என்றார்.

"அவங்க வரணும்னா மாத்தித்தான் ஆகணும் சார்."

பட்டியலில் இருந்த பெயர்களை எண்ணினார். "சரி, புதன்கிழமை வச்சுப் பாப்போம்" என்றார்.

இன்றுதான் முதல் புதன். உட்கார இடமில்லாமல் வராந்தா முழுக்க நின்றார்கள். முருகேசன் மனைவியோடு வந்திருந்தார். "இன்னைக்கி வரைக்கும் தொடல தாயி" என்றார். நான் அந்தம்மாவைப் பார்த்தேன். "நெசந்தான்" என்று சிரித்தார்.

டாக்டர் இரண்டு முறை வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்தார். "அடுத்த மாசத்துக்கு இன்னும் ரெண்டு பெஞ்சு கேளுங்க" என்றார்.

கன்னிவாடி செல்வராஜ் மட்டும் வரவில்லை. அவர் மகள்தான் போனை எடுத்தாள். "அப்பா வெளிய போயிருக்கு" என்று வைத்துவிட்டாள். காலையில் முதல் பஸ்ஸில் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன்னால் இப்படித் தோன்றியிருக்காது.