தொண்டைக்குப் பின்னால் ஒரு முள்

கோபக்காரிக்கு,

நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் நாற்பது நாளாகிறது. மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. ஸ்கேன் முடிவு வந்துவிட்டது, அதைச் சொல்லத்தான்.

கழுத்துக்குள் முதுகெலும்பின் முன்பக்கம் முள் மாதிரி எலும்பு வளர்ந்து, உணவுக்குழாயை அழுத்துகிறதாம். "எத்தனை நாளா முழுங்க முடியல?" என்று டாக்டர் கேட்டார். ஒரு வருஷம் என்றேன். "வீட்ல சொல்லலியா?" என்றார். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

ஆமாம், சாப்பாடு தொண்டையில் சிக்கிய ஒவ்வொரு முறையும் தட்டைத் தள்ளிவிட்டு, "மனுஷன் திம்பானா இத?" என்று உன்னிடம்தான் கத்தினேன். அப்பாவும் முழுங்க முடியாமல்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பி வரவில்லை. அதை உன்னிடம் சொல்வதைவிடக் கத்திவிட்டு, பதிலுக்கு உன்னிடம் திட்டு வாங்குவது சுலபமாக இருந்தது. இது அந்த நோய் இல்லையாம். மூன்று முறை கேட்டுவிட்டேன்.

கழுத்தைத் திறந்து முள்ளைச் செதுக்கி எடுப்பார்களாம். குரல் கொஞ்ச நாள் கம்மிப்போகலாமாம், ஒரேயடியாகப் போகவும் போகலாமாம். பஸ் நிலையத்தில் மைக் பிடித்துப் பிழைக்கிறவனிடம் இதைச் சொல்கிறார்கள்! "இருபது வருஷம் கத்தியாச்சு சார், இனி டிக்கெட் கிழிச்சுப் பொழச்சுக்கறேன். வெட்டுங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை ஆபரேஷன். பாவம் பார்த்து வராதே, கதவைத் திறக்கமாட்டேன். சண்டை போடுவதானால் புதன்கிழமைக்குள் வா. அதற்குப் பிறகு நீ மட்டும்தான் பேசிக்கொண்டிருப்பாய். அது நியாயமான சண்டை இல்லை.

இப்படிக்கு,
எடை குறைந்தும் பிடிவாதம் குறையாத
உன் வீட்டுக்காரன்