முடிச்சுக்குள் இருந்த நிறம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
5 ஏப்ரல் 2025

அன்புள்ள குழலிக்கு,

நேற்றுதானே போனில் பேசினோம், அதற்குள் கடிதமா என்று சிரிக்காதே. முதலில் உறையைக் கவிழ்த்துப் பார். ஏழு பட்டு நூல் விழும். ஏழும் என் கையால் முக்கி எடுத்தவை. ஒவ்வொன்றிலும் சின்னக் காகிதத்தில் எண் ஒட்டியிருக்கிறேன்.

படம் பிடித்து அனுப்பியிருக்கலாமே என்பாய். போனில் தெரிகிற நிறத்தை நம்பினால் சாயப்பட்டறையை மூட வேண்டியதுதான். போன மாதம் அப்படித்தான் ஒரு பெண் வீட்டார் அரக்கு நிறம் என்று போனில் படம் அனுப்பினார்கள். நேரில் பார்த்துவிட்டு, "இன்னாபா இது, கத்திரிக்கா கலரா இருக்குது" என்று பெண்ணின் அத்தை என் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். அப்பா வேணுகோபால் முதலியாருக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

நம் கல்யாணச் சேலை எங்கள் வீட்டுப் பொறுப்பு, நிறம் உன் இஷ்டம். ஐப்பசியில் முகூர்த்தம். ஒரு பாவில் மூன்று சேலை வரும். ஒன்று உனக்கு, மற்ற இரண்டும் கடைக்கு. சித்திரை முடிவதற்குள் நீ நூலைத் திருப்பி அனுப்பினால்தான் பாவு நூலைத் தறியில் ஏற்ற முடியும். அதனால் வழக்கம்போல யோசித்துக்கொண்டே இருக்காதே, தாயே.

வெயிலில் ஒரு தடவை பார், நிழலில் ஒரு தடவை, விளக்கில் ஒரு தடவை. எல்லா வெளிச்சத்திலும் எது உனக்குப் பிடிக்கிறதோ அதை மட்டும் அனுப்பு. இது சும்மா மாதிரி நூல், கெட்டிச் சாயம் இல்லை. தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். நெசவுக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்று கோபித்துக்கொள்ளாதே.

அங்கே சாயத் தண்ணீரிலிருந்து நிறத்தை எடுப்பது எப்படி என்று படிக்கிறாயே, எங்கள் பட்டறைக்கு வந்தால் உனக்கு ஆயுசுக்கும் வேலை இருக்கிறது.

காத்திருக்கும்
தினேஷ்


கால்வே, அயர்லாந்து.
27 ஏப்ரல் 2025, ஞாயிறு

என் தினேஷுக்கு,

நூல் ஏழும் வந்து சேர்ந்தன. உறையைப் பிரித்ததும் உங்கள் பட்டறை வாசனை வந்தது. அறைத்தோழி நீவ் எடுத்து முகர்ந்துவிட்டு, "இது சாப்பிடுவதா?" என்று கேட்டாள்.

எல்லா வெளிச்சத்திலும் பார்க்கச் சொன்னாய் அல்லவா? ஜன்னலில் வைத்து ஆறை ஒதுக்கிவிட்டேன். மிச்சம் நான்காம் எண், அந்த ஆழ்ந்த நீலப்பச்சை. சனிக்கிழமை காலையில் அதை மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். நான் போகிற இடமெல்லாம் அதுவும் வரட்டும் என்று.

எங்கெல்லாம் வந்தது தெரியுமா? முதலில் சனிக்கிழமைச் சந்தைக்கு. அங்கே ஜெபகுமார் பேரம் பேசி மீன் வாங்கினான். அவன் தூத்துக்குடிக்காரன், எங்கள் வகுப்பு. மீன்காரருக்குத் தமிழ் தெரியாது, இவன் தமிழில்தான் பேரம் பேசினான், ஆனாலும் படிந்தது. பிறகு பேருந்து, அதன்பின் படகு. முக்கால் மணி நேரம் கடல். ஒரு தீவு. ஆளுக்கொரு சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு எட்டுப் பேர் கிளம்பினோம். அந்தத் தீவில் மரமே இல்லை தினேஷ். கல்லை அடுக்கி அடுக்கிச் சுவர், சுவருக்குள் புல், புல்லுக்குள் ஒரு மாடு. அதற்கடுத்து மறுபடியும் சுவர். மழை வருவதும் தெரியாது, நிற்பதும் தெரியாது. முகத்தில் ஈரம் மட்டும் இருக்கும். ஓர் இடத்தில் நிலம் சட்டென்று முடிந்துவிட்டது. கீழே எவ்வளவோ ஆழத்தில் கடல். நாங்கள் குப்புறப் படுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தோம். நான் தூங்கியே போனேன் என்று நினைக்கிறேன். தூக்கத்தில் உங்கள் பட்டறை அண்டாவுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது.

சாயங்காலம் ஜெபகுமார் மீன்குழம்பு வைத்தான். ஒரே அறையில் எட்டுப் பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். காரம் தாங்காமல் நீவுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். ஆனாலும் மூன்றாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள். அப்புறம் அவள் ஒரு பாட்டுப் பாடினாள். மொழி புரியவில்லை, எனக்கு அழுகை வந்தது.

இன்று காலை துணி துவைத்தேன். நூலகத்தில் குழுவாக உட்கார்ந்து அடுத்த வாரத்துக்கான கட்டுரையைப் பாதி முடித்தோம். மதியம் ரொட்டியும் சூப்பும். அவ்வளவுதான், ஞாயிறு முடிந்துவிட்டது.

நான்காம் எண்ணையே போடு. கையிலிருந்து கழற்றினால் முடிச்சு அவிழவில்லை, அப்படியே அனுப்புகிறேன். எண் காகிதம் எங்கேயோ விழுந்துவிட்டது.

என் அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வா. மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம்.

உன்
குழலி


காஞ்சிபுரம்.
21 மே 2025

அன்புக் குழலிக்கு,

உன் நூல் வந்தது, பாவுக்குச் சாயம் போட்டாயிற்று, தறியிலும் ஏற்றியாயிற்று. உனக்குத் தெரியாமல் ஒரு கூத்து நடந்தது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ நான்கு என்று எழுதியிருந்தாய். ஆனால் உறைக்குள் இருந்த நூல் என் நான்கு இல்லை. என் நான்கு, மயில் கழுத்து நிறம். வந்ததோ பச்சையும் இல்லை, நீலமும் இல்லை, சாம்பலும் இல்லை. பட்டறையில் கிடந்த வேறு ஏதோ நூலில் எண்ணை நான்தான் மாற்றி ஒட்டிவிட்டேன் போலிருக்கிறது என்று என்னையே திட்டிக்கொண்டேன். அப்பாவிடம் காட்டினேன். "லெட்டர்ல இன்னா எழுதிக்கினு இருக்காங்கன்னு பாக்காதடா, கையில இருக்கிற நூலைப் பாரு" என்றார். எங்கள் பட்டறையில் எப்போதும் அதுதான் சட்டம்.

அந்த நிறத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் அய்யங்கார்குளம் போயிருந்தேன், நடவாவிக் கிணற்றுக்கு. செவிலிமேடு தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் போகும்போதுகூடத் தோன்றவில்லை. முந்தின நாள் திருவிழாவில் பெருமாள் வந்து இறங்குவதற்காகத் தண்ணீரை இறைத்திருந்தார்கள். படியிறங்கிக் கீழே போனால் அந்த மண்டபம். வருஷம் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்த தூண்கள். நூலைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். எடுத்துச் சுவரில் வைத்துப் பார்த்தேன். அதே நிறம், குழலி. துளிகூட வித்தியாசம் இல்லை.

பன்னிரண்டாவது முடித்த வருஷம் நாம் இரண்டு பேரும் அங்கே போனோமே, ஞாபகம் இருக்கிறதா? ஈரப் படியில் நீ வழுக்கி என் கையைப் பிடித்தாய். பிறகு மேலே வரும்வரை விடவில்லை. அதை நினைத்துத்தான் இந்த நூலைப் பொறுக்கியிருக்கிறாய் என்று புரிந்துகொண்டேன். அங்கேயே படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அது போகட்டும், யார் அந்த ஜெபகுமார்? மீன்குழம்பு எனக்கும் வைக்கத் தெரியும்.

உன்
தினேஷ்


காஞ்சிபுரம்.
25 மே 2025

குழலி,

இது சின்னக் கடிதம். போனிலேயே கேட்கலாம். ஆனால் நீ பேசும்போது உன் அம்மாவும் என் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

நீ அனுப்பிய மாதிரி நூலை எடுத்து வைக்கலாம் என்று இன்று முடிச்சை அவிழ்த்தேன். ஊசி வைத்துத்தான் அவிழ்க்க முடிந்தது. முடிச்சுக்குள் அரை விரல் நீளத்துக்கு மயில் கழுத்து, நான் போட்ட நான்காம் எண், அப்படியே இருக்கிறது.

நான் எண்ணை மாற்றி ஒட்டவில்லை. நூல்தான் நனைந்திருக்கிறது. மழைத் தூறலில் இவ்வளவு போகாது. உப்புத் தண்ணீரில் ஊறி, அப்புறம் சோப்பும் பட்டிருக்கிறது. இருபது வருஷமாக இதைத்தானே பார்க்கிறேன்.

உன் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். சனிக்கிழமை ஒவ்வொரு நிமிஷமும் இருக்கிறது. ஞாயிறு மதிய சூப்புக்கு மேல் ஒன்றுமே இல்லை. அப்புறம் எங்கே போனாய்? இது திட்டு இல்லை, கேள்விதான்.

தினேஷ்


கால்வே.
7 ஜூன் 2025

தினேஷ்,

உன் இரண்டு கடிதமும் அடுத்தடுத்து வந்தன. முதலாவதைப் படித்து முடிப்பதற்குள் இரண்டாவதும் வந்துவிட்டது. கிணற்றைப் பற்றி நீ எழுதியதை என்னால் மறுபடி படிக்க முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, எங்கள் பேராசிரியை என்னைக் கூப்பிட்டார். சாயத் தண்ணீர் ஆராய்ச்சிக்கு இடம் இருக்கிறது, நான்கு வருஷம், திங்கட்கிழமைக்குள் பதில் சொல் என்றார். சந்தை, படகு, சைக்கிள், மீன்குழம்பு, கட்டுரை எல்லாம் அதற்குத்தான். சும்மா உட்கார்ந்தால் யோசிக்க வேண்டி வரும் என்று ஓடிக்கொண்டே இருந்தேன்.

ஞாயிறு மதியம் நீவ் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். கடலில் குதிப்பதற்கென்று ஒரு மேடை கட்டி வைத்திருக்கிறார்கள். ஏறும்போதே மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன். குதித்தால் பேராசிரியைக்குச் சரி என்று எழுதுவது, படியிறங்கி வந்துவிட்டால் ஊருக்கு வருவது. மேலே நிற்கும்போது என்னை நினைத்தாயா என்று கேட்பாய். நினைக்கவில்லை தினேஷ். எனக்கு இப்போதும் பயமாக இருப்பது அதுதான்.

குதித்தேன். தண்ணீர் அப்படியொரு குளிர். கொஞ்ச நேரம் மேலே எது, கீழே எது என்றே தெரியவில்லை. பச்சையாக ஒரு வெளிச்சம் மட்டும் இருந்தது. வெளியே வந்து சிரித்தேன், அழுதேன். பிறகு வழக்கமான பகுதிநேர ஓட்டல் வேலைக்குப் போய்ச் சோப்புத் தண்ணீரில் பாத்திரம் கழுவினேன். அறைக்கு வந்து பேராசிரியைக்குச் சரி என்று எழுதினேன். அதற்கப்புறம்தான் உனக்குக் கடிதம் எழுதினேன்.

உன்னை ஏமாற்ற நினைத்து அந்த நூலை அனுப்பவில்லை. எழுதும்போது எனக்கு இரண்டும் வேண்டும் போலிருந்தது. நிறம் மாறியது எனக்குத் தெரியவே தெரியாது. கையிலேயே கிடந்ததால் கவனிக்கவில்லை. மாதிரி நூலை நனைக்கக் கூடாது என்பது எனக்கும் பிறந்ததிலிருந்து தெரியும். கையில் இருப்பது மாதிரி நூல் என்பதையே மறந்துபோனேன்.

உன்மேல் ஒரு குறையும் இல்லை. உன்னையும் பட்டறையையும் பிரித்து யோசிக்க எனக்குத் தெரியாது. அங்கிருந்து கிளம்பி இங்கே வா என்று கேட்டால் அது பாவம். நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

குழலி


காஞ்சிபுரம்.
28 ஜூன் 2025

குழலிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. முதல் மூன்று நாள் கோபம். அண்டாவில் நூலைக் கலக்கும்போதெல்லாம் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். "இன்னாடா தனியா பேசிக்கினு இருக்க?" என்று அப்பா கேட்டார். அன்றைக்கு வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா அழுதாள். அப்பா பட்டறைக்குப் போய்விட்டார். உன் அம்மாவிடம் நான் சொல்ல மாட்டேன். அதை நீதான் சொல்ல வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் சொல்லிவிடு, பாவம், அவர்கள் கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கோபம் போனபிறகு உன் கடிதத்தை மறுபடி படித்தேன். நான்கு வருஷம் காத்திரு என்று நீ எங்கேயும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இருந்திருப்பேன். அது உனக்கும் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை என்றும் எனக்குப் புரிகிறது. வலிக்கிறது குழலி. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

முதல் சேலையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்தாயிற்று. கடைக்காரர் பார்த்துவிட்டு மூன்றையும் தனக்கே தரச் சொல்கிறார். தருகிறோம். நிறத்துக்கு என்ன பெயர் என்று கேட்டார். கிணற்று நிறம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அது கிணறு இல்லையே. "கடல் கலருங்க" என்று சொல்லிவிட்டேன். அதைத்தான் சீட்டில் எழுதிக்கொண்டார்.

முடிச்சுக்குள் இருந்த அந்த அரை விரல் மயில் கழுத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.

இந்த உறையில் ஒரு நூல் இருக்கிறது, உன் கடல் கலரில். மாதிரி இல்லை, பாவிலிருந்தே எடுத்தது. கெட்டியாகச் சாயம் போட்டு நானே ஏழு தண்ணீர் அலசினேன். கையில் கட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் குதி. இது நனைந்தாலும் மாறாது.

தினேஷ்