வண்டி கல்லில் இடித்த கதை

அக்டோபர் 2, ஞாயிறு

என் அன்பு உகாலிக், என் அண்ணா,

இங்கே நாங்கள் இரண்டு பேரும் அப்பாவின் குதிகாலைத் தவிர மற்றபடி சௌக்கியம். அங்கே வினிபெக்கில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நர்ஸ் படிப்பிலும் ஆஸ்பத்திரிப் பயிற்சியிலும் குறையில்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். செத்துப்போன என் அண்ணனின் பெயரை என் மகளான உனக்கு வைத்ததால் நீ பிறந்த நாளிலிருந்து உன்னை அண்ணா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன், அண்ணன் என்றால் தங்கையின் புலம்பலைக் கேட்டுத்தான் ஆக வேண்டும், அதனால் இந்தக் கடிதத்தைப் பாதியில் மடித்து வைக்காதே. போனில் சொல்லலாம்தான், ஆனால் போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். இந்த விஷயம் அவர் காதில் விழக் கூடாது. புதன்கிழமை விமானத்தில் நம் பள்ளிக்கூட டீச்சர் அங்கே வருகிறாள், அவளிடம் மீன் பெட்டியோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். காய்ந்த இறைச்சி இந்தத் தடவை இல்லை. ஏன் இல்லை என்பதுதான் சங்கதி.

அப்பாவைத் தேட ஊரே கிளம்பியது என்று உனக்கு யாராவது செய்தி அனுப்பியிருப்பார்கள். பயப்படாதே, இரண்டு பேரும் முழுசாக வந்துவிட்டார்கள். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் உனக்குப் புரியும். நீ போய் இரண்டு வருஷமாகிறது. அதுவரை வேட்டைக்குப் போகும் நம் நாலு சக்கர வண்டியை நீதான் பார்த்துக்கொண்டாய். போகும்போது வண்டி நிறுத்தும் கண்டெய்னரின் சுவரில் கறுப்பு மையால் பெரிசாக எழுதி வைத்துவிட்டுப் போனாய், எத்தனை மணி நேரம் ஓடினால் ஆயில் மாற்ற வேண்டும், ஃபில்டர் எப்போது கழுவ வேண்டும், எங்கெங்கே கிரீஸ் அடிக்க வேண்டும் என்று. உன் அப்பா அதை ஒரு தடவையாவது படித்தாரா என்றால் இல்லை. கேட்டால், வண்டி ஓடுதில்ல, அப்புறம் என்ன என்பார். ஓடாமல் போன பிறகா பார்ப்பார்கள்? அதனால் கடை வேலை முடிந்து வந்து நானே கற்றுக்கொண்டேன். நீ போனில் சொல்லச் சொல்ல முதல் தடவை ஆயிலை என் தலையிலேயே ஊற்றிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? இப்போது கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஒன்று செய்தால் அவர் ஒன்று செய்வார். ஏர் ஃபில்டர் பஞ்சை நான் சோப்புத் தண்ணீரில் கழுவி, காய வைத்து, அதற்குரிய எண்ணெய் தடவி வைத்தால், அடுத்த வாரமே அவர் அதைப் பெட்ரோலில் அலசி அப்படியே வறட்டுப் பஞ்சாக மாட்டியிருப்பார். ஆற்று மணல் எல்லாம் இன்ஜினுக்குள்தான் போகும் என்றால், மணல் திங்காம வளர்ந்த இன்ஜின் நம்ம ஊர்ல ஏது என்று கேலி. சதுப்பில் புதையாமல் இருக்க டயரில் காற்றைக் குறைத்து வைத்தால், கிழவன் வண்டி மாதிரி தொளதொளன்னு இருக்கு என்று பந்து போல அடித்து வைப்பார். வண்டியின் முன்பெட்டியில் ஒரு டப்பா ஆயில் எப்போதும் இருக்க வேண்டும் என்று நீ எழுதியிருக்கிறாய் அல்லவா, அதை எடுத்து வெளியே வைத்துவிட்டுத் தேநீர்க் கெட்டிலை உள்ளே வைத்திருக்கிறார். நடுக்காட்டில் ஆயிலையா குடிக்கிறது என்கிறார். இந்த மனுஷனிடம் என்ன பேசுவது சொல்.

போன திங்கட்கிழமை, கரிபு மான் கூட்டம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாற்பது கிலோமீட்டரில் இறங்கியிருக்கிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். அவர் போகும் முன் ஆயிலை மாற்றிவிடலாம் என்று சாயங்காலம் உட்கார்ந்தேன். அடியில் ஆயில் வடிக்கும் போல்ட்டைக் கழற்றினால் பழைய ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் வருகிறது. தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆழம் பார்க்காமல் ஆற்றில் இறக்கியிருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொஞ்சம் ஆயில் விட்டு ஓட்டி, அதையும் வடித்து, திரும்பப் புது ஆயில் ஊற்றிக்கொண்டிருக்கும்போது அவர் கம்ப்ரஸரைத் தூக்கிக்கொண்டு வந்து, நான் சரி பண்ணி வைத்த டயரில் மறுபடி காற்று அடிக்க ஆரம்பித்தார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. இருபத்தாறு வருஷமாக நான் சொன்னது ஒன்றாவது உங்கள் காதில் ஏறியிருக்கிறதா என்று கத்தினேன். அவர் நிதானமாக, ஏறும் ஏறும், வெளியே வரத்தான் நேரமாகும் என்றார். கையில் இருந்த ஸ்பேனரைக் கண்டெய்னர் மூலையில் வீசிவிட்டு வீட்டுக்குள் வந்து படுத்துவிட்டேன். காலையில் பேசாமலே கடைக்குப் போய்விட்டேன். அவரும் உன் சித்தப்பா தூலுகாக்கும் அந்த ஒரே வண்டியில் கிளம்பிப் போனார்கள். அவசரத்துக்கு அழைக்கும் கருவியை சார்ஜில் போட்டு சமையல் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

செவ்வாய் சாயங்காலம் வர வேண்டியவர்கள் வரவில்லை. மூடுபனி. கரையில் இந்த வாரம் இரண்டு வெள்ளைக் கரடியைப் பார்த்திருக்கிறார்கள். விடிந்ததும் நான் போய்ச் சொல்ல, ஆறு வண்டிகள் கிளம்பின. என்னை வராதே என்று உட்கார வைத்துவிட்டார்கள். அண்ணா, நான் ரேடியோ முன்னால் உட்கார்ந்துகொண்டு அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். திட்டுவதை நிறுத்தினால் வேறு நினைப்பு வந்துவிடும் என்று திட்டினேன். மத்தியானம் ஒன்றரை மணிக்கு, ஊருக்கு ஒன்பது கிலோமீட்டரில் இரண்டு பேரும் நடந்து வருகிறார்கள் என்று சொன்னார்கள். பிறகு ரேடியோவில் அவர் குரலே வந்தது. கல்லுல இடிச்சிட்டேன், ஆயில் எல்லாம் ஒழுகிடுச்சு, நல்லா இருக்கேன், ரொட்டி சுட்டு வைக்கச் சொல்லுங்க என்றார். ஊரே கேட்கிற ரேடியோவில் ரொட்டியைப் பற்றி.

வந்தவரை நான் விடவில்லை. பூட்ஸைக் கழற்றினால் குதிகால் தோல் ஒரு கை அகலத்துக்கு உரிந்திருக்கிறது. மருந்து போட்டுக்கொண்டே திட்டினேன். கண்ணை எங்கே வைத்துக்கொண்டு ஓட்டினீர்கள், டயர் மெத்தென்று இருந்தால் இப்படி எகிறி இடித்திருக்குமா, முன்பெட்டியில் ஆயில் டப்பா இருந்தால் ஓட்டையை அடைத்து ஊற்றிக்கொண்டு வந்திருக்கலாமே, கெட்டிலையா ஊற்றுவீர்கள் என்று அடுக்கினேன். ஆமா, ஆமா, கல்லைப் பார்க்கல என்று மட்டும் சொன்னார். மூன்று கரிபுவைத் தார்ப்பாயில் மூடிக் கல் அடுக்கி வைத்துவிட்டு வந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை தூலுகாக் ஆட்களோடு போய் வண்டியை இழுத்து வந்தான், இறைச்சியை ஓநாய் தின்றுவிட்டிருந்தது. அதற்கும் நான் அவரைத்தான் திட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு தொடையைக் கொண்டுவந்து வைத்தபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, அந்தக் கோபத்திலும் அவரையே திட்டினேன்.

நேற்று சனிக்கிழமை, எவ்வளவு சேதம் என்று பார்ப்போமென்று வண்டிக்கு அடியில் படுத்தேன். அடித்தகட்டில் கல் இடித்த நசுங்கலைத் தேடுகிறேன், தேடுகிறேன், ஒரு கீறல் கூட இல்லை. ஆயில் வடிக்கும் துவாரம் மட்டும் சுத்தமாகத் திறந்து கிடக்கிறது. மரை தேயவில்லை, உடையவில்லை. போல்ட்டைத்தான் காணோம். பிறகு எழுந்து பார்த்தேன். போல்ட்டுக்கு அடியில் போட வேண்டிய புது வாஷர் மேஜையில் நான் வைத்த இடத்தில் இருந்தது. திங்கட்கிழமை நான் வீசிய ஸ்பேனர் மூலையில் டிரம்முக்குப் பின்னால் அப்படியே கிடந்தது. அண்ணா, போல்ட்டை நான் விரலால் மட்டும் திருகியிருக்கிறேன். ஆயில் ஊற்றிவிட்டு, அடியில் போய் இறுக்க வேண்டிய நேரத்தில் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று நாற்பது கிலோமீட்டரில் எங்கோ விழுந்துவிட்டது.

சாயங்காலம் தூலுகாக் வந்தான். தேநீர் கொடுத்து, என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல் என்றேன். முதலில் அவனும் கல் என்றுதான் சொன்னான். பிறகு சொல்லிவிட்டான். ஆயில் இல்லன்னு சிவப்பு விளக்கு எரிஞ்சதும் அண்ணன் உடனே இன்ஜினை நிறுத்திட்டாரு அண்ணி, போற வரைக்கும் போகலாம்னு நான்தான் சொன்னேன், விளக்கு எரிஞ்சா ஒரு அடி கூட ஓட்டக் கூடாதுன்னு அவ சொல்லியிருக்கான்னு மறுத்துட்டாரு என்றான். நான் எப்போது சொன்னேன் என்று யோசித்தேன். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் அவர் மீன் வெட்டிக்கொண்டோ, ரேடியோ கேட்டுக்கொண்டோ இருந்திருப்பார். அதனால்தான் இன்ஜின் பிழைத்தது, கையால் சுழற்றிப் பார்த்தேன், லேசாகச் சுற்றுகிறது. அப்புறம் தூலுகாக் சொன்னான், அண்ணன் கீழ படுத்து அந்த ஓட்டையில விரலை விட்டுப் பார்த்தாரு, எழுந்து வந்து, டேய், நாம கல்லுல இடிச்சோம், ஞாபகம் வச்சுக்கோன்னாரு. எந்தக் கல்லுன்னு கேட்டேன். நான் சொல்ற கல்லுன்னாரு.

முப்பது கிலோமீட்டர் அந்தக் காலோடு நடந்து வந்தும் கல் என்று பொய் சொல்லியிருக்கிறார், எனக்கு ஒரு வார்த்தை கெட்ட பேர் வரக் கூடாது என்று. நான்தான் இந்த வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஊருக்கே தெரியும். பெண்டாட்டி இறுக்காமல் விட்ட போல்ட் என்று கடையில் வருகிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள் என்று நினைத்திருப்பார். நான்கு நாளாக நான் திட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டு, காலை நீட்டிக்கொண்டு, ஆமா ஆமா என்று உட்கார்ந்திருந்தாரே, எனக்கு அதுதான் தாங்கவில்லை. திருப்பி ஒரு வார்த்தை கத்தியிருந்தால் சரியாகப் போயிருக்கும். இப்போது நான் யாரைத் திட்டுவது? இன்று காலை இரண்டு தடவை வாயைத் திறந்தேன். முதல் தடவை, அந்த வண்டியைப் பார்த்தேன் என்று ஆரம்பித்ததுமே, கல் பாசி மூடிக் கிடந்தது, யாராலயும் பார்த்திருக்க முடியாது என்று ஆரம்பித்துவிட்டார். இரண்டாவது தடவை கல் ஆரம்பத்தைவிடப் பெரிசாகிவிட்டது. சர்ச்சில் சொல்லும்போது அது ஒரு கடல்நாய் அளவுக்கு வந்துவிட்டது. பொய் சொல்லத் தெரியாத மனுஷன். கேட்கிறவர்கள் எல்லாம் தலையாட்டுகிறார்கள், நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன், எரிச்சலாக வருகிறது.

நான் சொல்லத்தான் போகிறேன். அழாமலும் கத்தாமலும் சொல்ல முடிகிற நாளில் சொல்வேன். தூலுகாக்கின் பழைய வண்டியிலிருந்து போல்ட் கிடைத்தது, மத்தியானம் புது வாஷர் போட்டு இறுக்கினேன். ஸ்பேனரால் இறுக்கி, துணியால் துடைத்து, திரும்ப ஒரு தடவை இறுக்கினேன். அவர் நொண்டிக்கொண்டே வந்து பக்கத்தில் பெட்டி போட்டு உட்கார்ந்து டார்ச் பிடித்தார். சுவரில் நீ எழுதியதை முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தார். கடைசி வரைக்கும் படித்துவிட்டு, உகாலிக் கையெழுத்து ரொம்ப மோசம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நீ எதற்கும் கவலைப்படாதே. அங்கே குளிர் இங்கே மாதிரி இல்லை என்று சட்டை போடாமல் திரியாதே, ஈரக் குளிர்தான் நெஞ்சைப் பிடிக்கும். இரவுப் பயிற்சி என்றால் வயிற்றைக் காயப் போடாதே. மீனைப் பங்கு போட்டுச் சாப்பிடு, உன் அறைத்தோழிக்கும் கொடு. நீ தொடுகிற நோயாளிகள் எல்லாம் குணமாகி எழுந்து நடக்கட்டும், நீ நினைத்த படிப்பு நினைத்தபடி முடியட்டும், என் அண்ணனுக்குக் கிடைக்காத நீண்ட ஆயுசு உனக்குக் கிடைக்கட்டும்.

ஒன்றே ஒன்று மறக்காதே. அடுத்த ஞாயிறு அப்பா போனில் அந்தக் கல்லைப் பற்றிச் சொல்வார். நடுவில் பேசாதே. அவ்வளவு பெரிசா அப்பா என்று கேள்.

உன் தங்கையும் அம்மாவுமான
நிவியாக்சி