அந்த மண் குழந்தையை எங்கே வைத்தாய்?

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. பாப்பா தூங்கின பிறகுதான் கை சும்மா இருக்கிறது. அப்புறமும் அவள் நெற்றியை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தால்தான் உட்கார முடிகிறது. இன்றைக்கு ஜுரம் இல்லை. ஆனால் வீடு முழுக்க இனாமல் பெயிண்ட் வாசனை. அத்தை, அதுதான் என் மாமியார், கோயிலில் வைக்கச் சொல்லிவைத்திருந்த உருவாரம் சாயங்காலம் வந்து சேர்ந்தது. முழங்கால் உயரத்தில் ஒரு மண் குழந்தை. சிவப்புப் பாவாடை, மஞ்சள் சட்டை எல்லாம் பூசியாகிவிட்டது. கண் மட்டும் வைக்கவில்லை. முன்னறையில் துண்டைப் போர்த்தி நிறுத்தியிருக்கிறோம். அந்த வாசனை வந்ததும் உன் நினைப்பு வந்துவிட்டது.

உன் அப்பாவின் பட்டறையில் மோட்டார் பம்புக்கு அடிக்கிற கறுப்பு இனாமல். அதைத்தான் ஒரு சின்ன டப்பாவில் ஊற்றிக்கொண்டு நீ மலைக்கு வந்தாய்.

மூன்று கோடை லீவுக்கு நாம் அந்த மலை மியூசியத்துக்குப் போனோம், நினைவிருக்கிறதா? நான் காந்திபுரத்தில் கோத்தகிரி பஸ் ஏறி உனக்குச் சீட்டுப் பிடித்து வைத்திருப்பேன். பெரியநாயக்கன்பாளையத்தில் நீ ஏறுவாய். ஏறினதும் என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பாய், அப்புறம்தான் என் முகத்தைப் பார்ப்பாய். பழைய எஸ்டேட் பங்களா ஒன்றில் நாலு அறைதான் மியூசியம். வருஷத்துக்கு ஒரு கண்காட்சி நடத்துவார்கள். லேபிள் எழுதவும் வருகிறவர்களுக்கு விளக்கவும் கல்லூரிப் பெண்கள் வேண்டும் என்று கேட்டார்கள். சம்பளம் என்று ஒன்றும் கிடையாது, மதியச் சாப்பாடும் குளிர்ந்த காற்றும்தான். கோயமுத்தூர் வெயிலில் கிடக்கிற நமக்கு அதுவே போதுமாக இருந்தது.

முதல் வருஷம் பவானி ஜமக்காளம். 'தொடாதீர்கள்' என்று எழுதச் சொன்னால் நீ 'தொட வேண்டாமுங்க' என்று எழுதிவைத்தாய். டைரக்டர் சார் சிவப்புப் பேனாவால் அந்த 'ங்க'வை அடித்தார். நம் பக்கத்து ஜனங்களிடம் அப்படி மொட்டையாகச் சொன்னால் வேண்டுமென்றே தொட்டுப் பார்ப்பார்கள் என்று நீ அரைநாள் வாதாடினாய். சார் விடவில்லை. நீ சொன்னபடியே எல்லோரும் தொட்டார்கள். இரண்டாம் வருஷம் தோடர் பெண்கள் பூவேலை செய்த சால்வைகளும் மூங்கில் சாமான்களும். சால்வை இரண்டு பக்கமும் அழகாக இருக்கப்போய், எதை முன்னால் தொங்கவிடுவது என்று நாம் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டோம். மத்தியானம் ரசம் சாதம் வந்ததும் பேசிவிட்டோம்.

மூன்றாம் வருஷம்தான் மண்.

நம் பக்கத்துக் கோயில்களில் கும்பலாக நிற்குமே, குதிரை, மாடு, குழந்தை என்று, அந்த உருவாரங்களைக் கண்காட்சிக்கென்று புதிதாகச் செய்து வாங்கியிருந்தார்கள். எதற்கும் கண் இல்லை. சின்ன வயதிலிருந்து எத்தனையோ கோயிலில் பார்த்திருந்தும், கண் வைப்பது கோயிலில் வைத்துத்தான், கண் வைத்தால் அது காணிக்கை ஆகிவிடும் என்பது நம் இருவருக்கும் உறைக்கவே இல்லை. அவசரத்தில் விட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டோம். மொழுக்கென்று பார்க்கச் சகிக்கவில்லை என்று நீ டப்பாவைத் திறந்து முதலில் அந்தக் குழந்தைக்குக் கண் எழுதினாய். வலது கண் அளவாக வந்தது. இடது கண் எழுதும்போது நான் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்ததில் அது கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது. குதிரை, மாட்டையெல்லாம் நாளைக்குப் பார்ப்போம் என்று டப்பாவை மூடினாய்.

மறுநாள் தொண்டாமுத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். அதில் ஓர் அம்மா மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்தக் குழந்தைக்கு முன்னால் போய் நின்றுகொண்டது. ரொம்ப நேரம் நின்றது. பிறகு உன்னைக் கூப்பிட்டது.

"ஏனுங்க அம்மணி, இது யாரு கொழந்தைக்குங்க வெச்சிருக்குது?"

கண்காட்சிப் பொருள் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். உனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. என்னைக் காட்டி, "இந்த அம்மணிக்குப் பொறக்கப்போற கொழந்தைக்குங்க" என்றாய்.

அந்த அம்மா என் கழுத்தைப் பார்த்தது. கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டது. இன்னும் இல்லை, முன்கூட்டியே வைத்துவிட்டோம் என்று நீ முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் சொன்னாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த அம்மா சிரிக்கவில்லை. தலையிலிருந்த கனகாம்பரத்தில் பாதியைக் கிள்ளிக் குழந்தையின் காலடியில் வைத்தது. "நல்லா இருக்கோணுமுங்க" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு வேனுக்குப் போய்விட்டது.

அன்றோடு அது பொம்மையாக இருப்பது நின்றுபோனது. பூவைப் பார்த்துப் பூ வைத்தார்கள். குங்குமம் வைத்தார்கள். ஒருநாள் யாரோ கற்பூரமே ஏற்றிவிட, மர மேடை கருகி, சார் கத்தினார். கண்ணைச் சுரண்டி எடுத்துவிடச் சொன்னார். நீ மாட்டேன் என்றாய். "தெறந்த கண்ண எப்படிங்க சார் மூடறது?" என்று மெதுவாகத்தான் கேட்டாய். அவர் அப்புறம் சுரண்டச் சொல்லவில்லை, கண்காட்சி முடிந்ததும் அந்தப் பொம்மை கட்டடத்தை விட்டு வெளியே போய்விட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

கடைசி நாள் அதைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாய். கண்டக்டர் குழந்தைக்கு அரை டிக்கெட் போடட்டுமா என்று கேட்டார். மடியிலேயே உட்கார்ந்துக்குமுங்க, அழாதுங்க என்றாய். பஸ்ஸே சிரித்தது. பெரியநாயக்கன்பாளையத்தில் நீ இறங்கிவிட்டாய். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், நிஜக் குழந்தையை வைத்திருக்கிற மாதிரி அதன் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாய்.

கல்லூரி திறந்ததும் கேட்டேன். வைத்துவிட்டேன் என்றாய். எங்கே என்றதற்கு, "சேர வேண்டிய எடத்துல. உம் பேரச் சொல்லித்தான் வெச்சிருக்கறேன், பயப்படாதே" என்றாய். முதுகில் ஒரு அடி வைத்துவிட்டு நான் வகுப்புக்குப் போய்விட்டேன். அதன்பிறகு அந்தப் பேச்சே வரவில்லை. உனக்குக் கல்யாணம், எனக்குக் கல்யாணம். பிறகு உனக்கு மஞ்சள் காமாலை. நீ போனபோது பாப்பா என் வயிற்றில் நிறைமாதம். பிள்ளைத்தாய்ச்சி சாவு வீட்டுக்குப் போகக் கூடாது என்று என்னை வாசலைத் தாண்ட விடவில்லை. உன்னை அப்படிக் கிடத்தி நான் பார்க்கவே இல்லை. அதனால்தானோ என்னவோ, உன்னிடம் கேட்டால் பதில் வரும் என்றே இன்னும் கை எழுதப் போகிறது.

பாப்பாவுக்குப் போன மாதம் ஜுரத்தில் இழுப்பு வந்தது. கண் மேலே செருகி, கையும் காலும் வெட்டி, உதடு நீலமாகி. ஆட்டோவில் ஆர்.எஸ்.புரம் டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் நின்றுவிட்டது. சின்னக் குழந்தைகளுக்கு வருவதுதான், ஜுரத்தை ஏற விடாதீர்கள், வளர வளரப் போய்விடும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நம்புகிறேன். ஆனால் பத்து நாளில் இன்னொரு தரம் வந்தது. அதிலிருந்து தெர்மாமீட்டர் என் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது.

அத்தை அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். நாளைக்கு உருவாரத்தைக் கொண்டுபோய்க் கண் திறந்து வைக்க வேண்டும், பெற்றவள்தான் தூக்கி வர வேண்டும். எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை என்றெல்லாம் இல்லை. என் பயம் வேறு. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டால் நல்லாகிவிட்டது என்று சொன்ன மாதிரி ஆகிறதே. அதற்கப்புறமும் வந்துவிட்டால்? அடுத்து யாரிடம் போவது? வீட்டுக்காரரிடம் சொன்னேன். மருந்தை நிறுத்தப் போவதில்லை, இதையும் செய்வோம், உனக்கு ஏன் இத்தனை யோசனை என்கிறார்.

சாயங்காலம் மனசு கேட்காமல் அத்தையிடம் உன் கதையைச் சொன்னேன், சிரிப்பார் என்று நினைத்து. அவர் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"எந்தக் கோயல்ல, கண்ணு, வெச்சுது அந்தப் புள்ள?"

தெரியாது என்றேன்.

"இந்தக் கொழந்தை பேர்ல மொதல்ல நிக்கறது அதாச்சே. அதப் பாக்காம இதக் கொண்டுபோய் எப்படி வெக்கறது?"

எனக்குக் கோபம்தான் வந்தது, ஒரு கேலிப் பேச்சைப் போய் இப்படி எடுத்துக்கொள்கிறாரே என்று. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், நானே உன் வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். உன் அம்மா பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலுமாக அழுதார். அந்தப் பொம்மை ஒரு ராத்திரி உங்கள் வீட்டில் இருந்ததாம். காலையில் நீ மொபெட்டில் கட்டி எடுத்துப் போய் மத்தியானம் திரும்பி வந்தாயாம். செருப்பெல்லாம் செம்மண். எங்கே என்று அவரும் கேட்கவில்லை.

எனக்கு அதிலிருந்து ஒன்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. விளையாட்டுக்குச் சொன்னதென்றால் வாய்க்காலோரம் எங்கேயாவது இறக்கிவிட்டு வந்திருக்கலாம். நீ அரைநாள் வெயிலில் போயிருக்கிறாய். இல்லாத ஒரு குழந்தைக்காக, என் பேரைச் சொல்லி, யாரிடமோ நின்று கேட்டிருக்கிறாய். என்ன கேட்டாய் என்று தெரியவில்லை. ஆனால் இந்த ஒரு மாதத்தில் பாப்பாவை நான் மட்டும் தனியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று பட்டதே, அது இன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து கொஞ்சம் குறைந்திருக்கிறது. நீயும் கூடப் பிடித்திருக்கிறாய் என்கிற இந்த நினைப்பை இனி நான் விடப்போவதில்லை.

நாளைக்கு வைப்பதைத் தள்ளிப்போட்டிருக்கிறோம். வீட்டுக்காரர் லீவு சொல்லிவிட்டார். உங்கள் ஊரைச் சுற்றி மொபெட் போகிற தூரத்துக்குள் செம்மண் தடத்தில் இருக்கிற கோயில் ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம். பாப்பாவையும் தூக்கிக்கொண்டுதான். வெயில் அவளுக்கு ஆகாது, ரொம்ப அலைய முடியாது.

எந்தக் கோயில் என்று மட்டும் சொல். சீக்கிரம் பதில் போடு.