பின்சுவரில் ஒரு கதவு

புடாபெஸ்ட்,
4 செப்டம்பர் 1991

அன்புள்ள லோரந்த்,

ஐம்பத்தாறு வயதில் என்னைக் காட்சிப்பொருள் ஆக்கிவிட்டார்கள். நான் கட்டிய வீடுகளின் படங்கள், சினிமாவுக்குப் போட்ட செட்டுகள் எல்லாம் ஒரே கூடத்தில். பாதி வீடுகள் மழைக்கு ஒழுகுகின்றன. நல்லவேளை, படத்தில் ஒழுகாது. நடுவில், படத்துக்குப் போட்ட அந்த விசாரணை அறையை முழு அளவில் மறுபடி எழுப்பியிருக்கிறேன். புரட்சியை நசுக்கிய பிறகு, 57-இல், போலீஸ் உன்னைப் பதினொரு நாள் உட்கார வைத்த அறை. சிறையிலிருந்து வந்து நீ சொன்னதைக் கொண்டுதான் அதைப் போட்டேன், வேறு யாரையும் கேட்டதில்லை. 20-ஆம் தேதி திறப்பு. கட்டாயம் வா.

உன் பார்னா

செகெத்,
9 செப்டம்பர்

அருமை பார்னா,

வருகிறேன். கோட்டைப் போட்டுப் பார்த்தேன். "பட்டனப் போட்டா மூச்சு நிக்குது, மூச்சு விட்டா பட்டன் தெறிக்குது. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்கிறாள் என் வீட்டுக்காரி இபோயா.

அந்தப் படம் வந்தபோது தியேட்டர் வாசல்வரை போய், சூரியகாந்தி விதை கொறித்துவிட்டுத் திரும்பிவிட்ட வீரன் நான். அந்தப் பதினொரு நாளும் நான் வாய் திறக்கவில்லை, வேறு யாரோ திறந்து என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வருடம் உள்ளே. அம்மாவின் அடக்கத்துக்கும் விடவில்லை. யாரென்று தெரியாமல் சாகக் கூடாது, அவ்வளவுதான். இபோயாவின் அண்ணன் என்றே நினைத்திருக்கிறேன். போன வருடம் அவன் செத்தபோதுகூட நான் போகவில்லை.

லோரந்த்

செகெத்,
23 செப்டம்பர்

பார்னா,

திறப்பு விழாவில் வயிற்றுவலி என்று சொல்லிக் கிளம்பினேனே, அது பொய்.

எல்லோரும் ஒயின் கோப்பையோடு உன்னைப் புகழ்ந்துகொண்டிருக்க, நான் கயிற்றைத் தாண்டி அறைக்குள் போனேன். காவல்காரப் பெண் ஓடிவந்தாள்.

"ஐயா, ஐயா! உள்ள போகக் கூடாது!"

"நான் ஏற்கெனவே உள்ள இருந்துட்டு வந்தவன்மா."

சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

நாற்காலி சரி. சன்னல் சரி. முழங்கால்மேல் கைவைத்து உட்கார்ந்தேன். பிறகு அங்கே ஒருநாளும் செய்யவிடாததைச் செய்தேன்: திரும்பிப் பார்த்தேன். பின்சுவரில் குறுகலாக ஒரு கதவு. கண் உயரத்தில் துளை. கதவுக்கு அப்பால் ஒரு முக்காலி, கோட்டு மாட்ட ஆணி.

அதை நான் உனக்குச் சொல்லவில்லை. எனக்கே தெரியாது. திரும்பினால் அடி விழும்.

வெளியே உன் வரைபடம் மாட்டியிருந்தது. அறையைப் பார்ப்பவன் எங்கே இருக்கிறான் என்று ஒவ்வொரு வரைபடத்திலும் சிவப்பு மையில் குறி போடுவாயே, தொழில் சுத்தம்! குறி அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது.

முக்காலியில் உட்கார்ந்தது யார்?

லோரந்த்

புடாபெஸ்ட்,
1 அக்டோபர்

லோரந்த்,

எழுதி எழுதிக் கிழித்தேன். துளை வழியே உன் பிடரி தெரிந்தது. "நோட்டீஸ் அடிச்சது இவன்தானே? பேரோட சொல்லு. சொன்னா காலேஜுக்குப் போலாம், சொல்லலேன்னா நீயும் அந்த நாற்காலிதான்" என்றார்கள். சொன்னேன். படத்துக்காக வரைந்தபோது கை அது பாட்டுக்குக் கதவையும் போட்டுவிட்டது. இத்தனை வருடமாக நான் அதைக் கவனிக்கவே இல்லை. நம்புவாயா? எனக்கு இரண்டு வரியாவது எழுது, திட்டியாவது எழுது.

பார்னா

செகெத்,
9 அக்டோபர்

பார்னாவுக்கு,

நேற்று இபோயாவோடு அவள் அண்ணன் கல்லறைக்குப் போனேன். கொண்டுபோன பூவை என் கையில் தராமல் அவளே வைத்தாள்.

கண்காட்சியை இன்னும் ஒரு மாதம் நீட்டித்திருப்பதாகப் பத்திரிகையில் படித்தேன். அந்த அறை வாசலில், என் பெயரைப் போட்டு எனக்கு நன்றி சொல்லி ஓர் அட்டை வைத்திருக்கிறாய். அதை எடுத்துவிடு.

இரண்டாம் தடவையும் என் பெயரைக் கொடுக்காதே.